ஆளுக்கொரு விரல்

கழுத்தில் இரண்டு, வலது கையில் ஒன்று, இடது கையில் ஒன்று, அடியோரத்தில் மூன்று, இப்படித்தான் ஒரு பனியனுக்குப் பிசிறு வெட்டுவது. தைத்து முடித்த பீஸில் தையல்காரர் விட்டுவிட்டுப் போகிற நூல் வால்களைத்தான் பிசிறு என்போம், விரலில் மாட்டிக்கொள்கிற சின்னக் கத்தரியால் அதை நறுக்கிவிட்டு மடியிலிருந்து பாய்க்குத் தள்ளினால் அடுத்த பீஸ் மடிக்கு வந்துவிடும், திருப்பூருக்கு வந்த நாளிலிருந்து என் கை இதைத்தான் செய்கிறது, இப்போதும் செய்துகொண்டேதான் சொல்கிறேன், கையைச் சும்மா வைத்துக்கொண்டு பேச எனக்கு வராது, கையில் வேலை இருந்தாலும் வராது, பேர் மட்டும் பேச்சியம்மாள்.

விளாத்திகுளத்துப் பக்கமிருந்து கல்யாணம் கட்டி இந்த லைன் வீட்டுக்கு வந்த அன்றைக்கே பக்கத்து அறைத் தேன்மொழி கேட்டாள், "ஏன்டி, ஊமையா நீ? பேரு பேச்சியாம், பேச்சையே காணோம்." எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து நான் அவளுக்கு 'அடியே பேச்சி'தான், தண்ணீர் வந்தாலும் அடியே பேச்சி, கம்பெனி வண்டி பண்டல் இறக்கிப் போட்டாலும் அடியே பேச்சி, சாக்கடை அடைத்தாலும் அடியே பேச்சி. எதிரும் புதிருமாக அறைகள், நடுவில் ஒரு ஆள் கால் நீட்டினால் அடுத்த ஆள் தாண்டிப் போகிற அகலத்துக்கு நடை, ஒரு முனையில் இரும்புக் கேட், மறுமுனையில் எல்லாருக்கும் ஒரே குழாய், தருமபுரி, தேனி, ராம்நாடு என்று ஆளுக்கொரு ஊரிலிருந்து பிழைக்க வந்து ஒருவர் முதுகை ஒருவர் இடித்துக்கொண்டு கிடக்கிற இடத்தில் அன்பு எங்கிருந்து வரும், குழாயடியில் முந்தியதற்கு ஒரு பகை, கொடிக்கயிற்றில் இடம் பிடித்ததற்கு ஒரு பகை, பகைக்குக் காரணம் தீர்ந்துபோன நாளில் முறைத்துப் பார்த்ததற்கு ஒரு பகை.

எல்லாப் பகைக்கும் மேலே, மாடியில், ஓனரம்மா தெய்வாத்தா இருந்தாள். அவளுக்கு இரண்டு முட்டியிலும் வலி, சத்தம் என்றால் ஆகாது, ஒரு பிள்ளை வீறிட்டால் போதும், இரும்புப் பூண் போட்ட தடியை ஊன்றிப் படியில் பாதி இறங்கி நின்று, "என்ற வூட்டுல சத்தம் ஆவாதுன்னு சொல்லிப்போட்டனா இல்லியா? வாயப் பொத்துங்க, இல்லாட்டி சட்டி பானையத் தூக்கிட்டு நடையக் கட்டுங்க" என்பாள். அதனால் பிள்ளைகள் வாயைத் திறந்தால் அம்மாக்கள் கை ஓங்கினார்கள், கை ஓங்கினால் பிள்ளைகள் இன்னும் பெரிதாக வாயைத் திறந்தன.

என் மகள் கனிக்கு அந்தக் கவலையே இல்லை. மூன்று வயது முடிந்தும் ஒரு சொல் வரவில்லை. முகத்தைப் பார்க்கமாட்டாள், கூப்பிட்டால் திரும்பமாட்டாள், சுவரில் ஈரம் ஊறிய இடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தடுப்பூசி போட வந்த நர்சம்மா காது நன்றாகத்தான் கேட்கிறது என்றாள். "வீட்டுல யாரும் பாடுறதில்லையா? நாலு பிள்ளைங்களோட உட்கார வெச்சு எதையாவது சேர்ந்து தட்ட விடும்மா. ஒண்ணு தட்ட ஒண்ணு காத்திருக்கும் பாரு, பேச்சும் அப்படித்தான். வாய் பின்னாலயே வரும்." அதைக் கேட்டுத் தேன்மொழி குழாயடியில் சொல்லிச் சிரித்தாள், "டப்பாவத் தட்டுனா புள்ள பேசுமாம். அப்பிடின்னா எங்க வீட்டுக் குண்டான் எப்பவோ எம்.எல்.ஏ. ஆயிருக்கணும்."

நான் எங்கே பாடுவது. பீஸ் வெட்டும்போது கணக்குத் தப்பாமலிருக்க 'கழுத்து, கை, கை, அடி' என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வேன், அதுதான் எனக்குத் தெரிந்த பாட்டு. கழுத்துக்கு டிக்டிக், கைக்கு டிக், இன்னொரு கைக்கு டிக், அடியோரத்துக்கு டிக்டிக்டிக். ஒருநாள் வெட்டிக்கொண்டிருக்கும்போது அந்த டிக்டிக்டிக் இரண்டாகக் கேட்டது. திரும்பிப் பார்த்தால் கனி, சுவரைப் பார்த்தபடியே, நூல் தீர்ந்த காகிதக் கோனால் தரையில் தட்டிக்கொண்டிருந்தாள், கழுத்துக்கு இரண்டு, கைக்கு ஒன்று, கைக்கு ஒன்று, பிறகு ஒரு நொடி நிறுத்தி, நான் 'அடி' என்று முணுமுணுத்ததும் மூன்று. நான் வேகமாக வெட்டினால் வேகமாக, மெதுவாக வெட்டினால் மெதுவாக.

மறுநாள் தேன்மொழியின் மகன் ரித்தீஷ் ஒரு பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் உட்கார்ந்தான், ஐந்து வயது, ஒரு இடத்தில் நிற்காத பிள்ளை, எதையும் பிடுங்குகிற பிள்ளை. அடுத்து எதிர் அறை இரட்டைப் பிள்ளைகள் தர்ஷிகாவும் தன்ஷிகாவும் ஆளுக்கொரு மூடியோடு வந்தார்கள், கடைசி அறை மோனிஷ் கோனை வாயில் வைத்து ஊதிக்கொண்டே வந்தான். முதல் நாள் வெறும் இரைச்சல். ரித்தீஷ் எல்லார் முறையிலும் தானே அடித்தான். 'அடி'க்குக் காத்திருக்கவேண்டும் என்று யாரும் சொல்லித்தரவில்லை, காத்திருந்து எல்லாருடைய மூன்றும் ஒன்றாக விழும்போது வருகிற சத்தம் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்ததில் அவனே காத்திருக்கத் தொடங்கினான், காத்திருக்கிற நேரத்தில் எப்போது எப்போது என்று கனியின் முகத்தைப் பார்த்தான், மற்ற பிள்ளைகளும் பார்த்தார்கள், அத்தனை பேர் பார்க்கிறார்களே என்று ஒருநாள் கனியும் அவன் முகத்தைப் பார்த்தாள். என் பீஸ் கையிலேயே நின்றுவிட்டது. அவள் என் முகத்தைக்கூட அதுவரை பார்த்ததில்லை.

தெய்வாத்தா சந்தைக்கோ ஆஸ்பத்திரிக்கோ போகிற நேரமாகப் பார்த்துத்தான் அடிப்போம். அப்படி ஒரு மத்தியானம், பிள்ளைகள் அடித்து முடித்து எழுந்த கையோடு, ரித்தீஷ் தன் அம்மாவின் வெள்ளைப் பீஸ் ஒன்றில் பேனாவால் கோடு போட்டுவிட்டான். தேன்மொழி வந்தாள், பார்த்தாள், கையை ஓங்கிக் கன்னத்தில் ஒன்று விட்டாள், பளார் என்று நடை முழுவதும் கேட்டது. ரித்தீஷ் அழவில்லை. ஐந்து பிள்ளைகளும் ஒரே நேரத்தில், எறும்பு கடித்த அளவுக்கு, 'ஸ்' என்றார்கள். பார்த்தால் கட்டைவிரல் கனியின் கன்னத்தில் இருந்தது, ஆள்காட்டி விரல் மோனிஷ் கன்னத்தில், நடுவிரல் தர்ஷிகாவுக்கு, மோதிர விரல் தன்ஷிகாவுக்கு, அடி வாங்கிய ரித்தீஷுக்குச் சுண்டுவிரல் மட்டும்தான் மிச்சம். தேன்மொழி தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள், விரலெல்லாம் இருக்கிறதா என்று.

இது எப்படி என்று எங்கள் லைனில் யாரும் கேட்கவில்லை. ஏன் என் பிள்ளைக்கு என்றுதான் கேட்டார்கள்.

"உன் புள்ளைய அடிக்கிறதுன்னா உன் புள்ளையோட நிறுத்திக்க!"

"நான் என் புள்ளையத்தான்டி அடிச்சேன்!"

"அது என் புள்ளைங்க மூஞ்சில வந்துல்ல நிக்குது? ரெண்டு பெத்தவ நான், எனக்கு ரெண்டு விரலு நட்டம்!"

அடி வாங்குவதோடு இது நிற்கவில்லை. மோனிஷுக்குப் பல் வலித்தால் ஐவருக்கும் லேசாகக் கூசியது, தன்ஷிகாவுக்குக் காய்ச்சல் வந்தால் ஐந்து நெற்றியும் இளஞ்சூடாகி மறுநாளே இறங்கியது. காய்ச்சல் சீக்கிரம் இறங்கியதை யாரும் பேசவில்லை, தன் பிள்ளைக்கு வந்ததைத்தான் பேசினார்கள். பிறகு ஒரு ஒழுங்கு வைத்தார்கள், பிள்ளையை அடிக்கிறவள் முதலில் மற்ற வாசல்களில் கேட்டுவிட்டு அடிக்கவேண்டும். "ரெண்டு போட்டுக்கட்டுமா அக்கா?" "இப்பத்தான்டி தூங்குது, சாயங்காலமாப் போடேன்." கேட்டு முடித்துத் திரும்புவதற்குள் பாதி நாள் கோபம் ஆறிவிடும், அந்த எரிச்சல் வேறு. கோபம் ஆறாதவர்களும் உண்டு. மோனிஷ் அம்மாவுக்கும் இரட்டையர் அம்மாவுக்கும் குழாயடியில் கைகலப்பானபோது மோனிஷ் அம்மா நேராக வீட்டுக்குள் போய், தன் மகனைத் தூக்கிவந்து, இரட்டையர் அம்மாவின் கண்ணைப் பார்த்துக்கொண்டே அவன் தொடையைத் திருகினாள். பெற்ற பிள்ளையை ஆயுதமாக்கினாள். எதிரே இரண்டு பிள்ளைகள் தொடையைப் பிடித்துக்கொண்டன. உள்ளே என் மகளும் பிடித்துக்கொண்டாள், யாரும் அதைப் பார்க்கவில்லை, நானும் வெளியே வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கடைசியில் எல்லாப் பழியும் என் வாசலுக்குத்தான் வந்தது. "இவ புள்ள தட்டித்தான் எல்லாத்தையும் ஒண்ணாக் கட்டிப்புட்டா" என்றாள் மோனிஷ் அம்மா. "ஊமைப் புள்ளைக்கு என் மகன்தான் கெடச்சானா?" என்றாள் தேன்மொழி. தெய்வாத்தா தடியை ஊன்றி இறங்கி வந்து டப்பா, மூடி, கோன் எல்லாவற்றையும் சாக்கில் அள்ளி மொட்டை மாடி அறையில் போட்டுப் பூட்டினாள். "இனி ஒரு சத்தம் கேட்டுது, பேச்சி, உன்ற சாமானம் ரோட்டுல கெடக்கும். தட்டாம இருந்தா தானாக் கழண்டுக்கும்."

கழண்டுதான் போனது. ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு கதவுக்குப் பின்னால் அடைபட்டது. அடி அவரவர் கன்னத்தில் முழுசாக, ஐந்து விரலோடு விழத் தொடங்கியது, அம்மாக்கள் நிம்மதியானார்கள். மோனிஷ் கண்டதையும் கடித்தான். இரட்டையர்கள் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்து அழுதார்கள். ரித்தீஷ் படுக்கையை நனைத்தான், அதற்கும் அடி வாங்கினான். என் மகள், 'அடி' வருகிற இடத்தில் உதட்டைக் குவித்துக் குவித்துப் பார்த்தவள், மறுபடி ஈரச் சுவரின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லார் வீட்டிலும் கறி கொதிக்கிற நேரம், ரித்தீஷ் தன் அப்பாவின் செல்போன் அடிக்கும்போது அதைத் தூக்கிக் குடத்துக்குள் போட்டான். குடத்துக்குள் போட்டால் எப்படிக் கேட்கும் என்று பார்த்திருக்கிறான், டப்பா இல்லாத பிள்ளை வேறென்ன செய்யும். குடத்தில் தண்ணீர் இருந்தது.

அவன் அப்பன் குமரவேல் குடித்திருந்தான். தேன்மொழியின் கை என்றால் ஐந்து விரல், குமரவேலின் கை என்றால் பெல்ட். அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தித் தாழ்போட்டான், இடுப்பிலிருந்து அதை உருவுகிற சத்தம் சுவர் வழியாக எனக்குக் கேட்டது. முதல் அடியும் கேட்டது. அதற்குப் பின்னால் ரித்தீஷ் எழுப்பிய சத்தத்தைச் சொல்லிக் காட்ட எனக்குத் தெரியாது. ஊரையே ஏசுகிற தேன்மொழி கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு, "விட்டுருங்க, விட்டுருங்க" என்று முனகினாள். எங்கள் கதவு திறந்துதான் கிடந்தது, மற்ற ஒரு கதவும் திறக்கவில்லை. என் வீட்டுக்காரர் சுடலைமணி சோற்றைப் பிசைந்தபடி, "கதவச் சாத்துட்டி, அடுத்தவன் வீட்டு அடி நமக்கு எதுக்கு" என்றார்.

சாத்தப் போனேன். வாசற்படியில் கனி உட்கார்ந்திருந்தாள், எச்சில் தட்டைக் கவிழ்த்துப் போட்டு, கையில் என் ஒரு செருப்போடு.

தட்டினாள். கழுத்துக்கு இரண்டு. கைக்கு ஒன்று. கைக்கு ஒன்று. நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள், 'அடி' என்று நான் சொல்லவேண்டிய இடம் அது. எனக்குத் தெரியும், சொன்னால் எல்லாக் கதவுக்குப் பின்னாலும் பிள்ளைகள் கையில் கிடைத்ததை எடுக்கும், அந்த மூன்று தட்டும் ஒன்றாக விழுந்தால் கழண்டது மறுபடி கட்டிக்கொள்ளும், கட்டிக்கொண்டால் உள்ளே விழுகிற பெல்ட் என் மகளின் முதுகுக்கும் வரும், குருவி நெஞ்சு மாதிரி முதுகு அது. எந்தத் தாய் சொல்வாள்? நான் வாயைத் திறக்கவில்லை. மறுபடி தட்டினாள், இரண்டு, ஒன்று, ஒன்று, நிறுத்திப் பார்த்தாள். நான் செருப்பைப் பிடுங்கக் குனிந்தேன்.

"அடி!" என்றாள் கனி.

அதுதான் என் மகள் சொன்ன முதல் சொல். கணீரென்று, வெண்கலத்தில் காசு விழுந்த மாதிரி. பனியனின் அடியோரத்தை அவள் சொன்னாள், மூன்று பிசிறு வெட்டுகிற இடத்தைச் சொன்னாள். கேட்டவர்களுக்கு அப்படியா கேட்கும்? "அடப்பாவி, அடிக்கச் சொல்லுது பாரு அந்தச் சனியன்!" என்று மோனிஷ் அம்மா கதவைத் திறந்துகொண்டு திட்ட வந்தாள், திறந்த கதவின் சந்தில் மோனிஷ் டம்ளரோடு வெளியே ஓடிவந்தான். எதிர் அறையில் இரட்டையர்கள் ஜன்னல் கம்பியைக் கரண்டியால் தட்டினார்கள். உள்ளேயிருந்து குமரவேல் கத்தினான், "எவடி அவ, அடின்னு எனக்கே சொல்றவ? அடிக்கிறேன் பார்டி!"

இரண்டு, ஒன்று, ஒன்று. கனி மறுபடி, "அடி!"

மூன்றும் ஒன்றாக விழுந்தன, பெல்ட்டும் அதோடு விழுந்தது. நான்கு பிள்ளைகள் முதுகை நெளித்தார்கள். கனியின் சட்டையைத் தூக்கிப் பார்த்தேன், குறுக்கே சிவப்பாக ஒரு கோடு, கனமில்லை, ஆனால் கோடு. என்ன நினைத்தேன் என்று தெரியாது. செருப்பைப் பிடுங்க நீட்டிய கையில், எப்போதும் போல விரலில் மாட்டிய கத்தரி இருந்தது, அதன் முதுகால் கதவு நிலையில் தட்டினேன், இரண்டு, ஒன்று, ஒன்று, தட்டிவிட்டு, பேச்சியம்மாள் என்று பேர் வைத்ததற்கு அன்றைக்குத்தான் ஒரு காரணம் கிடைத்த மாதிரி, லைன் முழுவதும் கேட்க, "அடி!" என்றேன். தேன்மொழி திரும்பிப் பார்த்தாள், நான் யாரென்று தெரியாத மாதிரிப் பார்த்தாள், பிறகு உள்ளங்கையால் தாழ்போட்ட கதவில் தட்டத் தொடங்கினாள். திட்ட வந்த மோனிஷ் அம்மா, "நிறுத்துங்கடி, நிறுத்துங்கடி" என்று தலையில் அடித்துக்கொண்டாள், அவள் தலையில் அடித்ததும் கணக்காகவே விழுந்தது. தெய்வாத்தா இறங்கி வந்து, "எவடி சத்தம் போடறவ?" என்று இரும்புக் கேட்டைத் தடியால் மொத்தினாள், கேட்டில் விழுந்த தடி இரண்டு, ஒன்று, ஒன்று, மூன்று என்றே விழுந்தது.

அடுத்த பெல்ட் விழுந்தபோது எல்லாருக்கும் விழுந்தது. என் தோளில் ஒரு நூல் கனத்துக்குச் சுரீரென்றது. கேட்டுப் பக்கம், "அய்யோ, என்ற கையி!" என்று கேட்டது. எல்லாவற்றுக்கும் மேலே, உள்ளேயிருந்து குமரவேல் அலறினான். தட்டோடு சேர்ந்துதான் அவன் பெல்ட்டும் விழுந்தது, சேர்ந்து அடிக்கிறவர்களில் அவனும் ஒருத்தன், அதனால் அவனுக்கும் பங்கு போயிற்று, ஓங்கியவனுக்கு ஓங்கின பங்கு. பெல்ட்டைத் தாளம் தப்பி இறக்கப் பார்த்தான், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று கையைத் தடுமாறவிட்டான், அத்தனை சத்தத்துக்கு நடுவில் அவன் கையால் தப்ப முடியவில்லை, எப்படி இறக்கினாலும் 'அடி'யில்தான் விழுந்தது, அவன் முதுகில்தான் முடிந்தது. கொஞ்ச நேரத்தில் பெல்ட் தரையில் விழுகிற சத்தம் கேட்டது. தாழ் திறந்தது. ரித்தீஷ் அந்தக் குடத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வெளியே வந்தான், அம்மாவைத் தாண்டி, என்னைத் தாண்டி, கனியின் பக்கத்தில் உட்கார்ந்து, விக்கிக்கொண்டே குடத்தில் தட்டினான், தன் முறை வரும் வரை காத்திருந்து தட்டினான்.

அதற்குப் பிறகு எல்லாரும் ஒன்றாகிவிட்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தேன்மொழி எனக்கு நன்றி சொல்லவில்லை, "உன் மக வாய வெச்சதாலதான் அந்தாளுக்கு அத்தன வெறி" என்றாள். மோனிஷ் அம்மா கை வலிக்கு என்னைத் திட்டினாள். தெய்வாத்தா முழங்கையில் கோட்டைத் தடவிக்கொண்டு, வீட்டைக் காலி செய் என்றாள். ஆனால் மறுநாள் காலை படியில் நின்று முட்டியை மடக்கி நீட்டிப் பார்த்தாள், அவள் வலியில் பாதி எங்கள் முட்டிகளுக்கு வந்திருந்தது, லைன் முழுக்க எல்லாரும் நொண்டினோம். சாயங்காலம் அவளே சாக்கை இறக்கிக்கொண்டு வந்து நடையில் கொட்டினாள். "ஓங்கி அடிங்க, சனியன்களா" என்றாள், கேட்டுப் பக்கம் ஒரு நாற்காலியும் போட்டுக்கொண்டாள். இப்போது முட்டி வலிக்காகவும் என்னைத் திட்டுகிறார்கள்.

குமரவேலும் திருந்தவில்லை. ஒருநாள் தட்டாவிட்டால் பிடி தளர்கிறது என்று அவனுக்கும் தெரிந்துவிட்டது, எந்த நாள் நாங்கள் தட்டவில்லையோ அந்த நாளாகப் பார்த்துக் குடித்துவிட்டு வருகிறான். அதனால் அவன் பைக் தெருமுனையில் திரும்பும்போதே பிள்ளைகள் டப்பாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகின்றன, திட்டிக்கொண்டே அம்மாக்களும் ஆளுக்கொரு மூடியோடு வந்து உட்காருகிறார்கள், ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்க்கமாட்டார்கள், ஆனால் தாளம் தப்பமாட்டார்கள். கனி இப்போது பேசுகிறாள். அத்தையும் சித்தியுமாக நல்ல சொல் எத்தனையோ இருக்க, தேன்மொழி வாயில் வருவதை எல்லாம் பொறுக்கி வைத்திருக்கிறாள். அவள் முதுகில் அந்தக் கோடு இன்னும் மறையவில்லை, குளிப்பாட்டும்போது என் விரல் தானாக அங்கே போகிறது, நறுக்கிவிடலாம் போல ஒரு பிசிறு மாதிரி.

தெருமுனையில் பைக் சத்தம் கேட்கிறது, அவனுடையதுதான். நடையில் டப்பாவை இழுக்கிற சத்தமும் கேட்கிறது, தெய்வாத்தா தடியைத் தட்டிப் பார்க்கிறாள், நான் வந்து சொன்னால்தான் தொடங்குவார்கள், இதோ கூப்பிடுகிறாள், அச்சு அசல் தேன்மொழி மாதிரியே, "அடியே பேச்சி!" என்று பெற்ற மகளே கூப்பிடுகிறாள், வந்துட்டேன்ம்மா, இந்த ஒரு பீஸ்தான், கழுத்து ஆச்சு, கை ஆச்சு, இந்தக் கையும் ஆச்சு, இனி